பாதி தேய்த்த மை

எங்கள் தெருவில் பெண்பிள்ளைகள் யாராவது மவுத்தாகிவிட்டால், அடக்கத்துக்கு முன்னால் குளிப்பாட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். இருபது வருஷத்துக்கு மேலாகிறது. வருகிறவர் வாசலில் நின்று "மாமி" என்று ஒரு தடவை சொன்னால் போதும், எதற்கு என்று குரலிலேயே தெரிந்துவிடும். அரிசி களைந்துகொண்டிருந்தால் அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். இதற்குக் கூலி கிடையாது. சிலர் துணி எடுத்துக் கொடுப்பார்கள், சிலர் சோறு கட்டிக் கொடுப்பார்கள். காசாகக் கொடுத்தால் நான் கை நீட்டுவதில்லை. வயிற்றுப்பாட்டுக்கு நான் கொச்சி மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் உட்கார்ந்து சுக்கும் மிளகும் பொறுக்கியவள். இடுப்பு ஒத்துக்கொள்ளாமல் போன பிறகு வீட்டிலேயே அரிசிமாவில் பத்திரி சுட்டு விற்கிறேன். குளிப்பாட்டுவது வேறு. அது பிழைப்பு அல்ல.

அந்த வேலைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சுற்றிலும் கட்டிய துணிக்கு உள்ளே பார்த்தது உள்ளேயே இருக்க வேண்டும். தழும்பு, புண், வீட்டார்கூட அறியாத சூட்டு வடு, எதுவானாலும் சரி. துணியை விலக்கி வெளியே வரும்போது வாயை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். நான் அப்படித்தான் வந்திருக்கிறேன். எத்தனையோ வீட்டுப் பெண்களின் உடம்பு எனக்குத் தெரியும். ஒரு சொல் வெளியே போனதில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆகையால் இதை எழுதலாமா என்று ரொம்ப நாள் தயங்கினேன். நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். ஒரு பக்கம் எழுத ஒரு பகல் போய்விடும். தயங்குவதற்கு வேண்டிய நேரம் கிடைத்தது. நான் எழுதப்போவது மவுத்தானவளின் குறை அல்ல என்று உறுதியான பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

அவள் எனக்கு வீட்டுக்காரி. என் புருஷன் மவுத்தான பிறகு, தன் வீட்டின் பின்கட்டில் கிணற்றுப் பக்கமாக இருந்த ஒற்றை அறையை எனக்கு விட்டாள். வாடகை என்று பேருக்கு ஏதோ வாங்குவாள், சாயங்காலம் அதற்கே மீன் வாங்கி எனக்கும் ஒரு பங்கு கொடுத்தனுப்புவாள். எங்கள் இரண்டு பேருக்கும் தமிழ்தான் வீட்டுப் பேச்சு. தெருவில் இறங்கினால் மலையாளம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர் தெருவுக்கு வந்த காலத்தில், நாங்கள் இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து கற்றோம். பாதிப் பேர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். அவள் மட்டும் தன் பெயரை எழுதி எழுதி ஒரு நோட்டுப்புத்தகம் முழுக்க நிரப்பினாள். முதல் தடவை ஓர் ஆபீசில் ரேகை வைக்க மைப்பெட்டியை நகர்த்தி வைத்தபோது, அதைத் திருப்பி நகர்த்திவிட்டுப் பேனா கேட்டாளாம். வீட்டுக்கு வந்து என்னிடம் பெருவிரலை ஆட்டிக் காட்டினாள். "இனி இது சோறு பிசையத்தான். ஒருத்தனுக்கும் நீட்ட மாட்டேன்."

இது அவள் மகளுக்குத் தெரியும். மகனுக்குத் தெரியாது. அவன் கல்யாணமாகி எறணாகுளத்துப் பக்கம் போனவன், பிராட்வேயில் பை வியாபாரம். பெருநாளைக்கு வருவான், பிரியாணி சாப்பிட்டுவிட்டு வீட்டின் கூரையையும் உத்தரத்தையும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவான். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளை எல்லாம் வெளியூர்க்காரர்கள் தங்குகிற இடமாக மாற்றுகிறார்கள் அல்லவா, அந்த வீட்டுக்கும் ஆட்கள் வந்து விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். தாய் அசையவில்லை. புருஷன் வேண்டாம் என்று அனுப்பிவிட்ட மகள் அவளோடுதான் இருந்தாள். முன்னறையில் மிஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். அந்த வீடு போனால் அந்தப் பெண்ணுக்குத் தலை சாய்க்க வேறு இடம் கிடையாது.

தாய் படுத்தது ஒரு மழைக்காலத்தில். கடைசி இரண்டு நாள் கண் திறக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் மகன் வந்தான். வராதவன் வந்தான் என்று எல்லோருக்கும் சந்தோஷம். "நீ பத்து நாளா தூங்கல, மேல போயி படு. இன்னிக்கு நான் உம்மாகூட இருக்கேன்" என்று தங்கையை மாடிக்கு அனுப்பினான். காலையில் அவன்தான் அவளை எழுப்பிச் சொன்னான். பிறகு என் கதவுக்கு வந்து, "உம்மா போயிட்டாங்க மாமி. சுபுஹு பாங்குக்குக் கொஞ்சம் முந்தி" என்றான். அழுத முகம்தான். அதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன்.

கிணற்றடியில் கட்டில் போட்டு, நாலு பக்கமும் துணி கட்டி, மேலே தார்ப்பாய் இழுத்துவிட்டிருந்தார்கள். எனக்குத் தண்ணீர் ஊற்ற எப்போதும் வருகிற பெண் ஒருத்தி உண்டு. ஐம்பதைத் தாண்டியவள், எங்கேயும் வாய் மூடாதவள். உள்ளே வந்ததும் மேலே பார்த்து, "இத்தா, தார்ப்பாய் ஒழுகுது. மய்யித்தோட சேத்து நம்மளையும் குளிப்பாட்டிடும் போல" என்றாள்.

"வாய மூடிட்டுக் கற்பூரத்தப் பொடி பண்ணு" என்றேன்.

மகள் எங்கே என்று கேட்டேன். பெற்ற மகள் இருந்தால் அவளும் கூட நின்று குளிப்பாட்டுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். "காக்கா வேண்டான்னு சொல்லிடுச்சாம். மனசு தாங்காதாம்" என்றாள் தண்ணீர் ஊற்றுகிறவள், அண்ணனைச் சொல்லி. எனக்கு அது பிடிக்கவில்லை. இருந்தாலும் பெட்டியில் வைக்க நேரமாகிறது என்று வெளியே ஆண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆரம்பித்தேன்.

முகத்துத் துணியை விலக்கியதும் கை நின்றுவிட்டது.

உயிர் பிரிந்ததும் வீட்டில் செய்கிற முதல் வேலை மூன்று. கண்ணை மூடுவது, தாடையைத் துணியால் சுற்றித் தலையில் கட்டுவது, இரண்டு கால் பெருவிரலையும் சேர்த்துக் கட்டுவது. இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். அவளுக்குத் தாடை கட்டியிருக்கவில்லை. வாய் திறந்தபடி அப்படியே விறைத்துப்போயிருந்தது. விடியலில் போனாள் என்று சொன்ன உடம்பு அது அல்ல, ராத்திரியே போயிருக்க வேண்டும். கூட இருந்தவனுக்கு அந்த நேரத்தில் தாடை கட்டத் தோன்றவில்லை. வேறு என்னவோ தோன்றியிருக்கிறது.

நான் எத்தனையோ உடம்பைத் தொட்டிருக்கிறேன். பயம் என்று ஒன்று வந்ததில்லை. மவுத்தானவர்கள் யாரையும் ஒன்றும் செய்வதில்லை. அன்றைக்கு முதன்முதலாகப் பயந்தேன். அது அவளால் அல்ல.

வயிற்றை மெதுவாக அழுத்திக் கழுவி, தொழுகைக்கு முன்னால் கழுவுகிற மாதிரி ஒளுச் செய்விக்கக் கைகளை எடுத்தேன். வலது கை சரி. இடது கையைத் துணிக்கு அடியிலிருந்து எடுத்தால் நாலு விரலும் உள்ளே மடங்கியிருந்தன, பெருவிரல் மட்டும் தனியாக வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மடக்கிப் பார்த்தேன், மடங்கவில்லை. அந்த விரலில் ஊதா மை. நகத்தின் ஓரத்திலும் ரேகைக்குள்ளும் இறங்கியிருந்தது. ஆபீசில் முத்திரை குத்துகிற மை.

ஈரத் துணியால் தேய்த்தேன். கழுவ வந்தவள் கறையைக் கண்டால் தேய்ப்பாள், அது கைப்பழக்கம். மை துணிக்கு வந்தது.

"இதெந்தா இத்தா, மையா?"

"பேசாம ஊத்து."

அவள் ஊற்றினாள். ஊதாத் தண்ணீர் கட்டிலின் ஓரத்தால் வழிந்து என் பாதத்துக்கு வந்தது. அப்போதுதான் அந்தப் பெருவிரல் என் முகத்துக்கு நேரே ஆடியது ஞாபகத்துக்கு வந்தது. ஒருத்தனுக்கும் நீட்ட மாட்டேன் என்று சொன்ன அதே விரல். கண் திறக்காத இரண்டு நாளில் அவள் அதை நீட்டியிருக்க மாட்டாள். அதற்குப் பிறகும் நீட்டியிருக்க மாட்டாள்.

துணிக்கு அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"மாமி." மகன்தான். மெதுவாகப் பேசினான். "உம்மா எடது கைல கொஞ்சம் கறை இருக்கும். நல்லா தேச்சு எடுத்துடுங்க."

கையிலிருந்த ஈரத் துணியைப் பிழிந்தேன்.

"உள்ள பாத்தத வெளிய சொல்ற ஆளு மாமி இல்லன்னு எனக்குத் தெரியும். அதத்தான் கேக்கறேன். புதுசா ஒண்ணும் கேக்கல." துணிக்கு அடியில் ஒரு கவர் உள்ளே வந்தது. பெருநாள் பைசா வைத்துக் கொடுக்கிற சின்னக் கவர் அல்ல. தடியானது. "அது இருக்கட்டும். ரூமப் பத்தியும் மாமி யோசிக்க வேணாம். உசுரு இருக்கற வரைக்கும் அந்த ரூமு மாமிக்குத்தான். எழுதியே தரேன்."

தண்ணீர் ஊற்றுகிறவள் செம்பைத் தூக்கிய கையோடு அப்படியே நின்றாள்.

நான் ஒரு கையால் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். எழுபதைத் தாண்டிய கிழவி. பிள்ளை குட்டி இல்லை. நான் நிற்பது அவன் வீட்டுக் கொல்லை, நான் படுப்பது அவன் வீட்டு அறை. அவன் கேட்டதும் பெரிய காரியம் அல்ல. கழுவு என்றான், பேசாதே என்றான். இரண்டும் நான் இருபது வருஷமாகச் சும்மா செய்துவந்ததுதான். அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. திருடு என்று சொல்லியிருந்தால் மாட்டேன் என்று சொல்வது சுலபம். என் வேலையையே எடுத்து விலை போட்டு என் காலடியில் வைத்திருந்தான்.

பள்ளிக்கூடம் போகாதவளுக்கு அந்த நேரத்தில் மார்க்கச் சட்டம்தான் கை கொடுத்தது. மவுத்தானவள் நகத்தில் சாயம் பூசியிருந்தால் சுரண்டி எடுக்க வேண்டும், அதற்குள் தண்ணீர் இறங்காது. மருதாணி இருந்தால் தேவையில்லை. அது கறை மட்டும்தான், தண்ணீர் தோலைத் தொட்டுவிடும். மருதாணிக் கையோடு எத்தனையோ பெண்களை நான் கபன் துணி சுற்றி அனுப்பியிருக்கிறேன்.

"தம்பி," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "தம்பி, மருதாணிக்குள்ள சட்டந்தான் மைக்கும். தண்ணி உள்ள போயிருச்சு. குளி நிறைவேறிருச்சு. இதுக்கு மேல தேக்க வேண்டியதில்ல."



"மாமி எப்போ முஸ்லியார் ஆனீங்க?"

"குளிப்பாட்டறவளுக்குக் குளிப்பாட்டற சட்டம் தெரியணும்ல."

"தேப்பீங்களா, மாட்டீங்களா?"

துணியின் கீழ்விளிம்பில் அவன் பாதம் தெரிந்தது. ரப்பர் செருப்பு. ஓர் அடி முன்னால் வந்தது. துணியை யாரோ விரலால் பிடித்த மாதிரி ஓரிடத்தில் மடிப்பு விழுந்தது. உள்ளே வந்துவிடுவான் என்று நினைத்தேன். வந்து நான் பிடித்திருக்கிற கையை அவனே பிடித்துத் தேய்ப்பான். அவன் என்னைத் தள்ளினால் கிணற்றுச் சுவர் என் தொடை உயரம்தான். இதெல்லாம் ஒரு நொடியில் ஓடியது.

"ஆம்பளைங்க நிக்கற எடம் இல்ல இது," என்று கத்தினேன். "உன் உம்மா ஒடம்பு தெறந்திருக்கு!"

பாதம் நின்றது. எப்பேர்ப்பட்டவனுக்கும் அந்தத் துணியைத் தாண்டக் கால் வராது என்று நம்பினேன். வரவில்லை. தாய் உடம்பு அல்லவா. ஆனால் பின்னாலும் போகவில்லை.

கவர் என் காலடியில் குளித்த தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தது. கிணற்றடியைக் கூட்டுகிற விளக்குமாறு பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தது. அதை எடுத்து, கவரைத் துணிக்கு அடியால் வெளியே தள்ளினேன். செருப்பின்மேல் போய் இடித்து நின்றது.

பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, உள்ளே நிறைந்திருக்கிற பெண்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தேன். "மகள வரச் சொல்லுங்க! கடைசித் தண்ணி மகதான் ஊத்தணும்!"

கடைசியாக ஊற்றுகிற கற்பூரத் தண்ணீருக்கு மகளைக் கூப்பிட்டால் யாரும் தடுக்க முடியாது. தடுத்தால் ஏன் என்று ஊர் கேட்கும். உள்ளேயிருந்து "போ மோளே, போ" என்று நாலைந்து குரல் கேட்டது. துணி விலகியது, அந்தப் பெண் வந்தாள். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தாயின் இடது கையை எடுத்து அவள் கையில் வைத்தேன். அவள் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் விரலைப் பார்த்தாள். அப்புறம் கற்பூரத் தண்ணீரை எடுத்து அந்தக் கையின்மேல் ஊற்றினாள். பாதியில் செம்பு நழுவிக் கல்லில் விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது.

அடக்கம் முடிந்த ஏழாம் நாள் மகன் ஒரு பத்திரத் தாளை எடுத்து வைத்தான். நோன்புக்கு முன்னாலேயே, நல்ல உடம்போடு இருக்கும்போதே, உம்மா வீட்டை அவன் பேருக்குக் கொடுத்துவிட்டாளாம். கீழே பெருவிரல் ரேகை. மகள் பள்ளிவாசல் பெரியவர்களிடம் போய் அழுதாள். கபனுக்கு முன்னால் உம்மா விரலில் மை இருந்தது என்றாள். அண்ணன் இல்லை என்றான். வீட்டுக்கு ஆசைப்பட்டு இல்லாததைச் சொல்கிறாள் என்றான். பார்த்தவர்கள் வேறு இரண்டு பேர்தான். தண்ணீர் ஊற்றுகிறவள் மறுநாளே வல்லார்பாடத்தில் இருக்கிற மருமகள் வீட்டுக்குப் போய்விட்டாள், போனை எடுக்கவில்லை. மீதி நான்.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து சொல்ல வேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள். நடுவில் நாலு நாள் இருந்தது.

அந்த நாலு நாளை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். முதல் நாள் அவன் என் அறை வாசலில் வந்து நின்றான். நான் பத்திரி பரத்திக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லாமல் உத்தரத்தைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான், போய்விட்டான். இரண்டாம் நாளும் வந்தான். அன்றைக்குப் பேசினான்.

"குளிப்பாட்டறவங்க உள்ள பாத்தத வெளிய சொன்னா, அப்புறம் எந்த வீட்டுலயாவது மய்யித்தத் தொட விடுவாங்களா மாமி? நல்லா யோசிங்க. நானா கெடுக்கப் போறதில்ல. நீங்களே கெடுத்துக்குவீங்க."

இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

மூன்றாம் நாள் விடிந்து கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அந்தத் தாழ்ப்பாளை நாங்கள் யாரும் போடுவதே கிடையாது, துருப்பிடித்துக் கிடந்தது. நான் தட்டினேன். கத்த வெட்கமாக இருந்தது. கத்தினால் பயந்துவிட்டேன் என்று தெரிந்துவிடும் அல்லவா. கட்டிலில் உட்கார்ந்து அடுப்பையும் கேஸ் குழாயையும் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னென்னவோ தோன்றியது. ஒரு மணி நேரம் இருக்கும். யாரோ நடந்து வருகிற சத்தம், தாழ்ப்பாள் விலகுகிற சத்தம், யாரோ நடந்து போகிற சத்தம். எழுந்து பார்க்கவில்லை. யார் போட்டார்கள், யார் எடுத்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதனால் யார் பேரையும் சொல்ல மாட்டேன்.

பயத்தைவிட இன்னொன்று என்னைத் தின்றது. அவன் சொன்னதில் பாதி சரி. மறைக்க வேண்டியது என் கடமை. பேசினால் இருபது வருஷக் கட்டுப்பாட்டை நானே உடைக்கிறேன். பேசாவிட்டால் அந்தக் கவரை வாங்கியதாக ஆகிறது, வாங்காமலேயே.

வெள்ளிக்கிழமை போனேன். பள்ளிவாசலின் பக்கத்து அறையில் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மகனும் மகளும் ஆளுக்கொரு சுவரோரம். எனக்கு வாசலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டார்கள். உட்காரவில்லை.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவன் சொன்னான். "இவங்களுக்கு அந்த ரூமு வேணும். தங்கச்சி வீட்ட வெச்சுக்கிட்டா இவங்களுக்கு ரூமு. அதுக்குத்தான் இந்த சாட்சி."

நடுவில் இருந்த பெரியவர் என்னைப் பார்த்தார். "இத்தா, குளிப்பாட்டறவங்க மறைக்கணும்னுதான் நம்ம மார்க்கம் சொல்லுது. அது தெரியும்ல?"

"தெரியும்," என்றேன். "மறைக்கச் சொன்னது மவுத்தானவளோட குறைய. அவ ஒடம்புல நான் என்ன பாத்தாலும் என்னோட கபனுக்குள்ளதான் வரும். இது அவ குறை இல்ல. அவ மேல மத்தவங்க வெச்சது."

நான் பார்த்ததை மட்டும் சொன்னேன். தாடை கட்டவில்லை. நாலு விரல் மடங்கியிருந்தது. ஒரு விரல் நீட்டியிருந்தது. அதில் ஊதா மை. யார் வைத்தார்கள் என்று நான் பார்க்கவில்லை, அதைச் சொல்ல மாட்டேன் என்றேன். கடைசியில், "அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்" என்றேன்.

மகன் நிமிர்ந்தான். "உம்மாக்கா? கையெழுத்தா?"

அந்தக் கேள்வியிலேயே பாதி முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஓரத்தில் இருந்த பெரியவர், "ஓடை அடைச்சப்போ தெருவுல எல்லாரும் மனு கொடுத்தோமே, அதோட நகல் பீரோவுலதான் இருக்கு" என்று எழுந்து போய் எடுத்து வந்தார். பெண்கள் பகுதியில் முதல் கையெழுத்து அவளுடையதுதான். சாய்வு இல்லாமல், டீச்சர் சொல்லிக்கொடுத்த மாதிரியே, குண்டுகுண்டாக.

அவன் தன் ரேகைத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். அதை அவன் என்ன செய்தான் என்று தெரியாது. பிறகு யாரும் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. வாசலில் என்னைத் தாண்டிப் போகும்போது, "ரூமு உறுதியாயிடுச்சுல்ல மாமி? சந்தோஷமா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் அந்தப் பெண் எனக்குச் சாயா எடுத்து வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமி இனி வாடகைன்னு ஒண்ணும் தர வேணாம். உசுரு இருக்கற வரைக்கும் இந்த ரூமு மாமிக்குத்தான்."

அவள் அண்ணன் துணிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்ன அதே பேச்சு. 'அந்த' மட்டும் 'இந்த' ஆகியிருந்தது. அவளுக்கு அது தெரியாது பாவம், மனசாரச் சொல்கிறாள். நான் சாயாவைக் குடிக்காமல் கீழே வைத்தேன்.

அந்த வாரமே கிளம்பிவிட்டேன். ஒரு டிரங்குப் பெட்டி, பத்திரிப் பலகை, கல், இரண்டு மூட்டைத் துணி. அவள் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என்ன கோவம் மாமி எம்மேல?" கோபம் ஒன்றும் இல்லை என்றேன். உன் பக்கம் நின்று சொன்ன சொல்லுக்குக் கூரையைக் கூலியாக வாங்கினால், நான் சொன்னது அவன் சொன்ன மாதிரியே ஆகிவிடும் என்று அவளுக்கு எப்படி விளக்குவது? "இடுப்பு வலிக்கு இந்தக் கெணத்தடி ஈரம் ஆகல" என்று சொல்லிவிட்டேன்.

இப்போது சுள்ளிக்கல்லில் ஒரு வீட்டின் பின்பக்கம் இருக்கிறேன். வாடகை கூடுதல், வெளிச்சம் குறைவு. கொஞ்ச நாள் யாரும் என்னைக் குளிப்பாட்டக் கூப்பிடவில்லை. அவன் சொன்னது பலித்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் ஒருத்தர் வாசலில் நின்று "மாமி" என்றார். பழைய தெருவிலிருந்து ஆட்டோ பிடித்து வந்திருந்தார். இப்போது நான் முகத்துத் துணியை விலக்குவதற்கு முன்னால் ஒரு தடவை மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். தாடையைப் பார்க்கிறேன். அப்புறம் இரண்டு பெருவிரலையும் பார்க்கிறேன். ஒன்றும் இருக்காது. இருந்தாலும் பார்க்காமல் விடுவதில்லை.

ஒன்றை எழுதாமல் விட்டால் இத்தனை நாள் உட்கார்ந்து எழுதியது வீண். மேலே, அவன் குரல் கேட்பதற்கு முன்னால் கைப்பழக்கத்தில் மையைத் தேய்த்தேன் என்று எழுதியிருக்கிறேன். அது நிஜம். ஆனால் முழுசும் அல்ல. அறையை எழுதித் தருகிறேன் என்று அவன் சொன்ன பிறகும் என் கை தேய்த்துக்கொண்டுதான் இருந்தது. மூன்று தடவையோ நாலு தடவையோ போய்வந்தது. அதற்குள் மை பாதி போய்விட்டது. அது பழக்கமா, பயமா, கடைசிவரை ஒரு கூரை கிடைக்கும் என்ற ஆசையா, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பெரியவர்கள் அன்றைக்கு, தேய்த்தீர்களா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. இன்னும் நாலு தடவை தேய்த்திருந்தால் அந்தப் பெண் விரலில் பார்ப்பதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

தண்ணீர் ஊற்றுகிறவள் போன மாதம் வந்தாள். வாசலிலேயே நின்று அழுதாள். "பயந்துட்டேன் இத்தா. மன்னிச்சிடுங்க."

"நானும் பயந்துதான் போனேன். உள்ள வா."

சாயா போட்டுக் கொடுத்தேன். அவளிடம் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன். எனக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. நான் போனால் முதலில் உனக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள், வந்ததும் முதல் வேலையாகத் தாடையைக் கட்டு, அப்புறம் என் விரலைப் பார், மை இருந்தால் தேய்க்காதே என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்ககிட்ட என்ன இத்தா இருக்கு? பத்திரிப் பலகையவா எழுதி வாங்கப் போறாங்க?"

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

"மொதல்ல தாடை. அப்புறம் வெரலு" என்றாள் அவள். "தேக்க மாட்டேன் இத்தா."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.